‘முதல் பதிப்பு’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

கேள்வி: அப்பா காலமான பிறகு பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளை இறக்கினோம். முக்கால்வாசி எழுத்தாளர் சுஜாதாவுடையவை. புத்தகங்கள் தவிர, வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்ட் செய்த தொடர்கதைகள், மாத நாவல்கள், அட்டை போன வாடகை நூலகப் பிரதிகள் என்று கலந்து கிடக்கின்றன. அவருடைய துப்பறியும் ஜோடியான கணேஷ்-வசந்த் கதைகளையாவது முழுசாகச் சேர்த்துவிட ஆசை. எக்ஸெல்லில் பட்டியல் போட ஆரம்பித்து, ‘ப்ரியா’வுக்கு வந்தபோதே குழம்பிவிட்டேன். ஒரே கதை, வேறு வேறு பதிப்பகம், எல்லாவற்றிலும் ‘முதல் பதிப்பு’. எது நிஜம்? வரிசைப்படுத்துவது எப்படி? பைண்ட் செய்ததைப் பிரித்து, பக்கங்களை உறையில் போடலாமா? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம் என்கிறாள் என் தங்கை. வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எல்லாமே நிஜம்தான், தம்பி. தமிழ்ப் பதிப்பகங்கள் ‘முதல் பதிப்பு’ என்று போடுவது, அந்தப் பதிப்பகத்தைப் பொறுத்தவரை முதல் என்கிற அர்த்தத்தில். குமரிப் பதிப்பகம், விசா, திருமகள் நிலையம், உயிர்மை, கிழக்கு என்று சுஜாதாவின் கதைகள் கை மாறிக்கொண்டே வந்தவை. ஒவ்வொரு கையிலும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் அந்த வரியைப் பட்டியலில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்து முடிவு மட்டும் எடுக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய சமாசாரம் ஒன்று இருக்கிறது. சுஜாதாவின் முக்கால்வாசி மர்மக் கதைகளுக்கு முதல் பதிப்பு என்பது புத்தகமே அல்ல, பத்திரிகைதான். கணேஷ் முதலில் தலைகாட்டிய ‘நைலான் கயிறு’ 1968இல் குமுதத்தில் தொடராக வந்தது. மற்ற தொடர்களும் குமுதம், விகடன், தினமணி கதிர் என்று வாரா வாரம் வந்து, அப்புறம்தான் அட்டை போட்டுக்கொண்டன. ஆகவே, அந்தப் பெட்டியில் மதிப்புள்ளது எது என்று என்னைக் கேட்டால், பளபளப்பான அட்டை உள்ளவற்றை ஓரமாக வைத்துவிட்டு, காலிகோ முதுகோடு மூலையில் கிடக்கும் பைண்ட் வால்யூம்களைத்தான் முதலில் எடுப்பேன். ஜெயராஜின் ஓவியங்களும், அந்த வாரம் எங்கே நிறுத்தி வாசகனைத் தவிக்கவிட்டார் என்பதும், ‘முன்கதைச் சுருக்கம்’ என்ற பெயரில் ஆசிரியர் குழு எழுதிய பத்தியும் அங்கேதான் இருக்கும். புத்தகமானபோது இவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. கணேஷையும் வசந்தையும் தமிழர்கள் முகமாக அறிந்தது ஜெயராஜின் கோட்டில்தான். இன்றைய பதிப்புகளில் மட்டும் அவர்களைப் படிப்பவருக்கு அந்த முகம் கிடைப்பதில்லை.

ஆகவே, பிரிக்காதீர்கள். உங்கள் அப்பா எந்தத் தொடரோடு எதைச் சேர்த்துக் கட்டினார், எந்த வாரத்தைத் தவறவிட்டார் என்பதும் தகவல்தான். பிரித்தால் அது போய்விடும். தையல் விட்டுப்போயிருந்தால் வெள்ளைப் பருத்தி நாடாவால் குறுக்கே கட்டிவையுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். செலோடேப் அதைவிட மோசம். லேமினேஷன் பற்றி நினைக்கவே வேண்டாம்.

பைண்டர்கள் ஓரம் வெட்டும்போது இதழின் பெயரையும் தேதியையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். தேதி இல்லாத தொடரை என்ன செய்வது? பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கதையின் பின்பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது? சினிமா விளம்பரம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘16 வயதினிலே’ இன்று முதல் என்று இருந்தால் அது 1977 செப்டம்பரை ஒட்டிய இதழ். விமர்சனம், கிரிக்கெட் ஸ்கோர், பட்ஜெட் ஜோக், தீபாவளி ஜவுளி விளம்பரம் எல்லாமே சாட்சிகள்தாம். கணேஷ் செய்கிற வேலையை அவன் கதைகளுக்கே நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆண்டு போடாத புத்தகங்களுக்கும் இதே முறைதான். பதிப்பகத்தின் முகவரியைப் பாருங்கள். ‘சென்னை-17’ என்றிருந்தால் பழையதாக இருக்கலாம். ‘600 017’ என்று ஆறு இலக்கம் இருந்தால் நிச்சயம் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. பின்கோடு வந்ததே அப்போதுதான். ஐ.எஸ்.பி.என். 13 இலக்கமாக இருந்தால் பெரும்பாலும் 2007ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்த அச்சு. 10 இலக்கம் மட்டும் என்றால் அதற்கு முன். எழுத்தைத் தடவிப் பாருங்கள். தாளின் பின்பக்கம் லேசாக மேடு தட்டினால் ஈய எழுத்துக் கோத்து அச்சிட்டது, வழவழவென்றிருந்தால் ஆஃப்செட். துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’யை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்தாலும், கையிலிருந்த பழைய அச்செழுத்தை அன்றைக்கே யாரும் குப்பையில் போட்டுவிடவில்லை. விலையையும் நம்ப வேண்டாம். பழைய ஸ்டாக்கின் மேல் புது விலை ஒட்டுவது இந்தத் தொழிலில் சகஜம். ‘ப்ரியா’வின் ஏதாவது ஒரு பிரதியில் அட்டையில் ரஜினி இருந்தால் அது 1978இல் படம் வந்ததை ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது என்று எழுதிக்கொள்ளலாம். படம் கதையின் பதிப்பு ஆகாது. லண்டனில் நடக்கும் கதையைப் படத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். குறிப்புப் பத்தியில் ஒரு வரி போதும்.

இனி எக்ஸெல். நீங்கள் குழம்பியதற்குக் காரணம், ஒரு வரிசையில் மூன்று வேறு விஷயங்களை அடைக்கப் பார்த்ததுதான். படைப்பு என்பது ஒன்று, அது வெளிவந்த வடிவம் வேறு, உங்கள் கையிலிருக்கும் பிரதி வேறு. உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1998இல் இந்தப் பிரிவினையை இன்னும் ஒரு படி கூட்டி நான்காக வகுத்தது. வீட்டுக்கு மூன்று போதும். மூன்று தாள் திறந்துகொள்ளுங்கள். முதல் தாளில் ‘ப்ரியா’ ஒரே வரி; அதற்கு ஓர் எண். இரண்டாம் தாளில் அந்தப் படைப்பு எண்ணின் கீழ் குமுதம் தொடர் ஒரு வரி, ஒவ்வொரு பதிப்பகத்தின் அச்சுக்கும் ஒவ்வொரு வரி. மூன்றாம் தாளில் உங்கள் பெட்டியில் உள்ளவை: பைண்ட் வால்யூம், 4ஆம் வாரம் இல்லை, விசா பதிப்பு, பின்னட்டை கிழிந்தது, 32ஆம் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. இப்படிப் பிரித்துவிட்டால் எது உங்களிடம் இருக்கிறது, எது உலகத்தில் இருக்கிறது என்ற குழப்பமே வராது.

முதல் தாளில் தலைப்புக்கு இரண்டு கட்டம் விடுங்கள்: நீங்கள் ஒழுங்குபடுத்திய எழுத்து ஒன்று, அட்டையில் உள்ளபடி ஒன்று. ‘ப்ரியா’ ஒரு பதிப்பில் ‘பிரியா’ ஆகலாம். ‘அனிதா - இளம் மனைவி’யில் கோடு இருக்கும், போகும். ‘24 ரூபாய் தீவு’ எண்ணில் வருமா, இகரத்தில் வருமா என்பதற்கு எந்த விதியும் கிடையாது. நீங்களே ஒன்றை முடிவு செய்து கடைசி வரை மாற்றாமல் இருந்தால் சரி. ‘மேற்கே ஒரு குற்றம்’, ‘மேலும் ஒரு குற்றம்’ இரண்டும் தனித்தனிக் கதைகள். அவசரத்தில் ஒன்றை எழுத்துப்பிழை என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் உண்டு.

குறுநாவல் தொகுதிகளுக்கு ‘உள்ளடக்கம்’ என்று ஒரு கட்டம் வேண்டும். தனிப் புத்தகமாக வந்த கணேஷ்-வசந்த் கதை பிறகு தொகுதிக்குள் இன்னும் மூன்று கதைகளோடு குடியேறியிருக்கும். தொகுதியின் பெயரை மட்டும் எழுதிவைத்தால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கதையையே புத்தகக் கண்காட்சியில் மறுபடியும் வாங்கிக்கொண்டு வருவீர்கள். சேகரிப்பவர்களின் பணம் அதிகம் போவது இந்த வழியில்தான்.

ஆசிரியர் பெயரிலும் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயரில் எழுதிக்கொண்டிருந்தவர், குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே இருந்ததால் மனைவி பெயரைச் சூடிக்கொண்டார். ‘இடது ஓரத்தில்’ என்ற சிறுகதை 1962இல் குமுதத்தில் வந்தது. அந்தக் காலத்து இதழ்களைப் புரட்டும்போது ‘சுஜாதா’ என்று மட்டும் தேடினால் கிடைக்காது. கணையாழியின் கடைசிப் பக்கத்தில் அவர் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். பட்டியலில் எல்லாம் சுஜாதாவின் கீழேயே இருக்கட்டும். அச்சான பெயர் தனிக் கட்டத்தில்.

இப்போது பொக்கிஷ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பைண்ட் வால்யூம்களில் ‘கறுப்பு, சிவப்பு, வெளுப்பு’ என்ற தலைப்பு தென்படுகிறதா, பாருங்கள். 1857 பின்னணியில் குமுதத்தில் தொடங்கிய தொடர் அது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில வாரங்களிலேயே நின்றுபோயிற்று. பிற்பாடு அந்தக் கருவை எடுத்து ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று எழுதினார். புத்தகமாகக் கிடைப்பது இதுதான். துப்பறியும் கதை இல்லை, உங்கள் கணேஷ்-வசந்த் எல்லைக்குள் வராது. இருந்தாலும் அந்தச் சில அத்தியாயங்கள் கையில் இருந்தால், பெட்டியிலேயே அரிய காகிதம் அதுதான். பட்டியலில் அதை ‘ரத்தம் ஒரே நிற’த்தின் இன்னொரு தலைப்பாகப் போடாதீர்கள். தனிப் படைப்பாக எண் கொடுத்து, இரண்டையும் ‘தொடர்புடையது’ என்று கோத்துவிடுங்கள்.

கணேஷ்-வசந்த் ‘முழுசு’ என்பதற்கு எல்லையை முதலிலேயே வரைந்துகொள்ளுங்கள். ஆரம்பக் கதைகளில் கணேஷ் தனி ஆள்; வசந்த் பிறகுதான் வந்து சேர்கிறான். ‘அனிதா - இளம் மனைவி’யில் களம் டெல்லி. வசந்த் இல்லாதவை கணக்கில் உண்டா? என் கட்சி, உண்டு. ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’யில் சோழர் காலத்துக்குப் போய் கணேச பட்டரும் வசந்தகுமாரனுமாக நிற்கிறார்களே, அது? அதையும் நான் சேர்ப்பேன். வேண்டாம் என்று அடித்துப் பேசும் நண்பர்களும் எனக்கு உண்டு. நூறு நாவல், இத்தனை சிறுகதை என்று பின்னட்டைகளில் வரும் எண்களைத் துரத்தாதீர்கள். குறுநாவலை நாவலாக எண்ணுவதா கூடாதா என்பதிலேயே அந்தக் கணக்கு ஆடும்.

டிரங்குப் பெட்டியில் ராஜேஷ்குமார் மாத நாவல்கள் இருந்தால் (அந்தக் காலத்துப் பெட்டியில் இல்லாமல் இருக்காது) அவற்றுக்கு முறை வேறு. 1,500க்கு மேல் நாவல் எழுதியவர். மாத இதழில் ஒரே மூச்சில் முழு நாவல் வந்துவிடும். தொடர் என்ற படியே கிடையாது. ‘வாடகைக்கு ஓர் உயிர்’ 1980இல் மாலைமதியில் வந்ததே அதன் முதல் பதிப்பு. அங்கே மலர் எண், இதழ் எண், மாதம் மூன்றும் இல்லாத பதிவு வீண். பழைய நாவலையே புது அட்டையோடு மறுபடி போட்ட இதழ்களும் உண்டு. ஆகவே உள்பக்கத்தில் ‘மறுபதிப்பு’ என்ற சின்ன எழுத்தைத் தேடுங்கள். ஸ்டேபிள் துருப்பிடித்திருந்தால் நகவெட்டியால் பிடுங்காமல், கால்களை நிமிர்த்தி மெதுவாக உருவிவிட்டு வெள்ளை நூலால் தையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நியூஸ்பிரிண்ட் தன் அமிலத்தாலேயே பழுக்கும். வெயிலும் ஈரமும் அதை விரட்டும். இரும்பு டிரங்கை மறுபடி பயன்படுத்தாதீர்கள். சுவரை ஒட்டாத அலமாரி, காற்று, மாதம் ஒரு முறை ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று ஒரு பார்வை. வாடகை நூலகப் பிரதிகளின் முத்திரையை அழிக்க வேண்டாம்; எந்த ஊரில், எந்தத் தேதியில் யாரோ அதை எடுத்துப் படித்தார்கள் என்பதற்கு அந்த நீல மைதான் அத்தாட்சி.

விடுபட்ட வாரங்களைத் தேட, முதலில் வாரப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டு தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், எழும்பூரில் கன்னிமாராவுக்கும் போங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேர வேண்டிய இடங்களில் கன்னிமாராவும் ஒன்று. ‘சுஜாதா தொடர் இருக்கிறதா’ என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். இன்ன ஆண்டு, இன்ன மாதம், குமுதம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வாங்குவதென்றால் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகள். அங்கே ‘ரேர் சார்’ என்று தொடங்கும் விலையைப் பொருட்படுத்த வேண்டாம். பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கடைசியாக, தங்கையின் யோசனை. ஸ்கேன் செய்வது நல்லது. உதிரும் நிலையில் உள்ள பைண்ட் வால்யூம்களை அடிக்கடி புரட்டாமல் இருக்க அது உதவும். ஆனால் வாட்ஸ்அப் வேண்டாம். சுஜாதா காலமானது 2008 பிப்ரவரியில். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகளுக்குக் காப்புரிமை உண்டு. அதாவது 2068 முடியும் வரை. ஓவியங்களுக்கான உரிமைக் கணக்கு தனி. பட்டியலுக்கு அந்தத் தடை கிடையாது. எக்ஸெல் தாள்களை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். உங்களிடம் இல்லாத அந்த 4ஆம் வாரம் வேறு யாருடைய பரணிலாவது இருக்கும்.