வரம் யாருக்காக?

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உபவாசக் கூட்டத்தில் உன் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறார்கள், எனக்கு மட்டும் நாவு எழவில்லை என்று எழுதியிருந்தாய். கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தாய்: மரக்காணத்து உப்பளத்தில் தலைமுறையாக உப்பு வாரியும் முன்பணக் கடன் தீரவில்லையே, ஆசீர்வாதம் எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டதா என்று. இவை இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். வரமும் ஆசீர்வாதமும் பெற்றவனுடைய தகுதிக்கு அத்தாட்சி என்று நினைக்கிறவனுக்குத்தான் இந்த இரண்டு ஏக்கமும் வரும். புதிய ஏற்பாடு வரத்தை அப்படிப் பார்க்கவில்லை. அடுத்தவருடைய பயனுக்காக ஒருவர் கையில் ஒப்படைக்கப்படுவதே வரம் என்பது என் வாதம். வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. ஆதாரத்தோடு சொல்கிறேன், நீயே சோதித்துப் பார்.

வரங்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக விரிவான பேச்சு, ஏறக்குறைய கி.பி. 55இல் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் இருக்கிறது. கொரிந்து இரண்டு கடல்களுக்கு இரண்டு துறைமுகம் வைத்திருந்த வியாபார ஊர். பணக்காரரும் அடிமைகளும் ஒரே சபையில் உட்கார்ந்தார்கள். அந்தச் சபைக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்று பவுல் முதல் அதிகாரத்திலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனால் மூன்றாம் அதிகாரத்தில் அதே ஆட்களை மாம்சத்துக்குரியவர்கள் என்றும், இன்னும் பால் குடிக்கிற குழந்தைகள் என்றும் கடிந்துகொள்கிறார். வரம் நிறைந்த சபையும் ஆவிக்குரிய வளர்ச்சியில் குழந்தையாகவே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 11ஆம் அதிகாரத்தைப் பார். கர்த்தருடைய பந்தியில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அந்தக் கண்டனம் முடிந்த கையோடு 12ஆம் அதிகாரத்தில் வரங்களைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. நம் பிரசங்கிகள் 12ஐ மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது என்பது என் கணிப்பு. பந்தியில் ஏழையை மறந்த சபைக்குத்தான் பவுல் அந்தப் பாடத்தை நடத்தினார்.

பாடத்தின் சாரம் இதுதான்: ஆவியானவருடைய செயல் ஒவ்வொருவரிடமும் வெளிப்படுவது எல்லாருடைய நன்மைக்காக. அதிகாரத்தின் கடைசியில் அவர் தரும் பட்டியலில் உதவி செய்வதும் நிர்வாகம் பண்ணுவதும்கூட வரங்களாக நிற்கின்றன. அந்நியபாஷை கடைசியில் வருகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்துப் பட்டியலில் கொடுப்பதும் இரக்கம் செய்வதும் உண்டு. உங்கள் சபையில் காணிக்கைக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிற ஆளையும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டிக்குக் கஞ்சி கொண்டுபோகிற அக்காவையும் யாராவது மேடைக்கு அழைத்து ‘இவர்கள் வரம் பெற்றவர்கள்’ என்று சொன்னதுண்டா? பவுல் சொல்லியிருப்பார். எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறார்களா என்று கொரிந்தியரிடம் அவர் கேட்கும்போது, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார். மற்ற எல்லாரையும்விடத் தாம் அதிகம் அந்நியபாஷை பேசுவதாகச் சொல்லிவிட்டு, சபையில் புரியாத பதினாயிரம் வார்த்தைகளைவிடப் புரிகிற ஐந்து வார்த்தைகளே மேல் என்று அதே நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் முடிவு கட்டுகிறார். அந்த வரத்தை அவர் இகழவில்லை. அதைச் சபைக்குள் எடுத்துவரும்போது இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் என்று வரம்பு கட்டுகிறார். ஒலிபெருக்கி வைத்த நம் எழுப்புதல் கூட்டங்களில் இந்த வரம்பை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை உன் யோசனைக்கே விடுகிறேன்.

இதற்கு உன் பாஸ்டர் சொல்லக்கூடிய மறுப்பு வலுவானது. சபையில் பேசும் வரம் வேறு, ஆவியானவரைப் பெற்றதற்கான முதல் அடையாளம் வேறு. அப்போஸ்தலர் நடபடிகளில் 2, 10, 19 ஆகிய அதிகாரங்களில் ஆவியைப் பெற்றவர்கள் பாஷை பேசினார்களே என்பார். பேசினார்கள், உண்மைதான். ஆனால் அதே புத்தகத்தில் பெந்தெகொஸ்தே நாளில் ஞானஸ்நானம் பெற்ற ஏறக்குறைய 3,000 பேரைப் பற்றி அப்படி ஒரு குறிப்பும் இல்லை. 8ஆம் அதிகாரத்தில் சமாரியர் ஆவியைப் பெற்றபோதும் பாஷையைப் பற்றிப் பேச்சில்லை. எத்தியோப்பிய மந்திரி, லீதியாள், பிலிப்பி சிறைக்காவலன் ஆகியோர் விசுவாசித்த இடங்களிலும் இல்லை. நடந்ததை லூக்கா எழுதிவைத்தார். எல்லாருக்கும் இப்படியே நடக்கவேண்டும் என்று எங்கும் விதி எழுதவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. இந்த வரங்கள் அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டன, இப்போது நடப்பதெல்லாம் உணர்ச்சிவசம் என்பார்கள். அமெரிக்க இறையியலாளர் பெஞ்சமின் வார்ஃபீல்ட் 1918இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். பாஷைகள் ஓயும் என்று கொரிந்தியர் முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் சொல்வதைச் சிலர் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் நிறைவானது வரும்போது, முகமுகமாய்ப் பார்க்கும் நாளில்தான் குறைவானது ஒழியும் என்று அங்கேயே இருக்கிறது. அந்த நாள் இன்னும் வரவில்லை. நம் தமிழ்நாட்டுச் சரித்திரமும் அந்த வாதத்தோடு ஒத்துப்போகவில்லை. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் திருநெல்வேலிச் சீமையில் 1810இல் பிறந்தவர், மிஷனரி ரேனியஸ் ஐயரின் மாணவர். ஆங்கில மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் வழியைப் பின்பற்றி, மிஷன் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்தார். 1840இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கினார். 1860இல் அவரைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், தரிசனம் எல்லாம் இருந்தன. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் சொல்லும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906இல். அதற்கு 46 வருடம் முன்பே நம் கிராமத்து ஆண்களும் பெண்களும் இதை அறிந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வழக்கம் என்று இதைத் தள்ளுகிறவர்கள் இந்தத் தேதிகளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். மிஷனரிகள் பலர் உடல் நடுக்கத்தையும் மார்பில் அடித்து அழுததையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆனால் சர்ச் மிஷனரி சொசைட்டியின் (சி.எம்.எஸ்.) மிஷனரி ஆஷ்டன் டிப் அதை விசாரித்து, உள்ளூர் மக்களிடமிருந்தே எழுந்த இயக்கமாக மதித்து எழுதினார். என்னைக் கேட்டால், அந்த எழுப்புதலின் மதிப்பு நடுக்கத்தில் இல்லை. பாவத்தை அறிக்கையிட்டு ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டவர்களிடம் இருக்கிறது.

அப்படியானால் எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாமா? கூடாது. பதினைந்து வருடம்கூடக் கழியாமல் திருவிதாங்கூரிலும் எழுப்புதல் எழுந்தது. அதில் முன்னின்ற ஜஸ்டஸ் ஜோசப், தமிழ் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து கிறிஸ்தவரானவர், நல்ல கல்விமான். 1881இல் கிறிஸ்து திரும்ப வருவார் என்று தீர்க்கதரிசனமாக அறிவிக்கப்பட்டது. அவரும் அதை நம்பினார். வருடம் வந்தது, போனது. அவரைச் சேர்ந்தவர்கள் யூயோமயம் என்ற தனிச் சமயமாகப் பிரிந்தார்கள். ஆர்வத்திலோ நேர்மையிலோ அவர்களுக்குக் குறைவு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒருவர் சொல்வதை மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கவேண்டும் என்று பவுல் வைத்த ஒழுங்குதான் அங்கே வேலை செய்யவில்லை. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாமல், எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பிடித்துக்கொள்ளும்படி தெசலோனிக்கேயருக்கு அவர் சொன்னதில் இரண்டு பாதியும் வேண்டும்.

சுகமளிக்கும் வரத்துக்கும் இதே அளவுகோல்தான். ஜெபம் செய், செய்யச் சொல். ஆனால் பவுல் தம் உடன் ஊழியர் துரோப்பீமுவை வியாதியோடுதான் மிலேத்துவில் விட்டுவந்தார் என்பதையும் மறக்காதே. உப்பு வெளியின் கூச்சத்தில் அம்மாவுக்குக் கண் மங்கினால் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராயிருந்தாலும் கேட்காதே.

இனி ஆசீர்வாதத்துக்கு வருகிறேன். விசுவாசமும் காணிக்கையும் சரியாக இருந்தால் பணம் பெருகும் என்ற பிரசங்கத்துக்கு உபாகமம் 28 ஆதாரமாகக் காட்டப்படும். அது ஒரு ஜனத்துக்கு அவர்களுடைய தேசத்தில் கொடுக்கப்பட்ட உடன்படிக்கை. ஆபிரகாமின் ஆசீர்வாதம் நமக்கு எதுவாக வருகிறது என்று கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார்: வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட ஆவி. எபேசியர் முதல் அதிகாரத்து ஆசீர்வாதங்களைப் பார்: தெரிந்துகொள்ளுதல், புத்திர சுவிகாரம், மன்னிப்பு, ஆவியின் முத்திரை. மரக்காணத்து ஆளுக்கு இதைப் புரிந்துகொள்ளப் புத்தகமே வேண்டியதில்லை. ஐப்பசியில் பெய்கிற அதே மழை கழுவெளி ஏரிப் பக்கத்து நெல் வயலுக்கு வாழ்வு. அளத்துக்கோ பாத்தி கரைந்து, உப்பு அம்பாரத்தைக் கீற்றுப் போட்டு மூடி, கூலி இல்லாமல் உட்காரும் காலம். மழை பெய்ததால் நெல் விவசாயி நீதிமான், உப்புத் தொழிலாளி பாவி என்று எவனாவது சொல்ல முடியுமா? நீதிமானுக்கும் அநீதிமானுக்கும் ஒரே மழையைத்தான் பிதா அனுப்புகிறார் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று உங்கள் கடற்கரைக் குப்பங்களில் கடல் ஏறியதைத் தண்டனை என்று சொன்னவர்களுக்கும், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி அவர் தந்த பதிலே பதில். அவர்கள் மற்ற எருசலேம்வாசிகளைவிடப் பாவிகள் அல்ல.

அதற்காக, ஏழ்மையே பரிசுத்தம், கூலியைப் பற்றிப் பேசாதே என்று சொல்கிறவர்கள் பக்கமும் சாயாதே. அறுவடைக்காரரின் பிடித்துவைத்த கூலி தேவனுடைய காதில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் எழுதினார். முன்பணக் கணக்கைக் கேட்டுச் சரிபார்ப்பதும், மழை மாத நிவாரணத்துக்கு மனு எழுதுவதும் ஆவிக்குரியதற்கு எதிரான காரியங்கள் இல்லை. அப்படி மனு எழுதத் தெரிந்தவன் உங்கள் சபையில் நீ ஒருவன்தான் என்றால், உதவி செய்யும் வரம் யாரிடம் இருக்கிறது என்று ஏன் வெளியே தேடுகிறாய்?

அளம் மூடும் நாட்களில் உனக்கு நேரம் கிடைக்கும். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தை 11ஆம் அதிகாரத்தில் தொடங்கி 14 முடிய ஒரே இருப்பில் வாசி. பிறகு சபையில் எந்தெந்த வீட்டில் அந்த மாதம் அரிசி இல்லை என்று பாஸ்டரிடம் கேட்டு, அந்த வீடுகளின் பெயர்களை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்