பக்கத்துக் கட்டில்காரரோடு பேசு

அன்புள்ள தம்பிக்கு,

வாரத்துக்கு மூன்று நாள் மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போய்வருகிறாய். அந்த நான்கு மணி நேரமும் யாரிடமும் பேசாமல் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாயாம், அம்மா வருத்தப்பட்டார்கள். எனக்கும் இதே சிறுநீரக நோய் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: பக்கத்துக் கட்டிலில் பல வருடமாகப் படுப்பவரோடு பேசு.

தண்ணீரைக் குறைக்கச் சொல்வார் டாக்டர். எப்படிக் குறைப்பது என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அன்றைய அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றிவைத்து, மாத்திரையையும் அதிலிருந்தே போட்டுக்கொள்வார்கள். உங்கள் பக்கம் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. கடற்கரைச் சாலை நெடுக இளநீர் வண்டி. கருவாட்டு உப்பு தாகத்தைக் கிளப்பும். இளநீரின் பொட்டாசியம் நம்மைப் போன்றவர்களுக்கு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். கல்யாண வீட்டில் அத்தை டம்ளரை நீட்டும்போது மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்பதைக்கூட அவர்களிடம்தான் கற்க வேண்டும். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா போட்ட கையில் பிரஷர் பார்க்க விடாதே, அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார், நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று அவர்களே உனக்கு நினைவூட்டுவார்கள். ஆனால் மருந்தின் அளவை மட்டும் அவர்களிடம் கேட்காதே. கிரியாட்டினினை இறக்கும் லேகியம் என்று யார் கொடுத்தாலும் வாங்காதே.

பேச்சு ஆறுதலோடு நிற்பதில்லை. 1969இல் நியூயார்க்கில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலர் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். அதைச் சேர்ந்த ஷெப் கிளேசர், 1971இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையிலேயே டயாலிசிஸ் செய்துகாட்டினார். அடுத்த ஆண்டு, சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பெரும்பாலானோரின் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கும் சட்டம் அங்கே வந்தது. நமக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்கு எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்பதையும் உன் வார்டுக்காரர்களே சொல்வார்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் அவர்களிடம் பேசு. நீ பஸ்ஸில் கடக்கும் திருக்கழுக்குன்றம்தான் ஹிதேந்திரனின் ஊர். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த அந்தச் சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் அந்த முடிவுக்கு முன்வந்தன. இன்று மாற்றுச் சிறுநீரகத்துக்கு அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில், மருத்துவமனை வழியாகப் பெயர் பதிய வேண்டும். அடுத்த முறை போகும்போது பக்கத்துக் கட்டில்காரரிடம் அவர் பதிந்துவிட்டாரா என்று கேள். பதிந்திருந்தால் வழி கேட்டுக்கொள். இல்லையென்றால் இருவருமாகப் போய் டாக்டரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்