பன்றி: சொல்லும் உணவும்

ஒரு சொல்லை ஆராயின், அதனை வழங்கிய மக்களின் மனநிலையும் உடன் விளங்கும். பன்றி என்பது அத்தகைய சொல். இன்று அது வசைச்சொல்லாகவும் வழங்குகின்றது; பண்டை வழக்கோ வேறு.

கேழல், ஏனம் என இவ்விலங்கிற்குத் தமிழில் பெயர் பல. தொல்காப்பிய மரபியல் இதன் இளமைப்பெயர் குருளை என்றும், பெண்பாற்பெயர் பிணவு என்றும் கூறும். யானைக்குச் சிறப்பாக உரிய களிறு என்னும் பெயரையும் ஆண்பன்றிக்கு விலக்கிற்றிலது. திருமாலின் அவதாரங்களுள் ஒன்று வராகம். அவ்வுருப் பொறித்த பொற்காசு வராகன் எனப் பெற்றது. உருவம் மாறிய பின்னும் பெயர் நிலைத்து, 1818-இல் ரூபாய் நிலைநாணயமாகும்வரை சென்னையில் வழங்கிற்று.

உணவினும் அங்ஙனமே. சங்கநூல்களில் குறிஞ்சிநில மக்கள் பன்றியூனை விருந்தினர்க்கு அளிக்கக் காண்கிறோம். பெரியபுராணத்துள் கண்ணப்பர் சுவை பார்த்துக் காளத்தியப்பருக்குப் படைத்ததும் பன்றியிறைச்சியே. இருப்புப்பாதை நிலையம் 1856-இல் திறக்கப்பெற்ற நம் இராயபுரத்தில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர் விருந்துகளில் பன்றி விந்தாலு பேர்பெற்றது. 'ஆலு' என்பதைக் கேட்டு உருளைக்கிழங்கென மயங்குவாருளர். அது போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. திராட்சைமதுவும் பூண்டும் என்பது பொருள். கோவாவில் மதுவிற்கு ஈடாகக் கள்ளிலிருந்து பெற்ற காடி சேர்ந்தது.

இத்துணைச் சிறப்பிருந்தும் இகழ்ச்சி வந்ததென்னை? ஊர்ப்பன்றி கழிவில் உழல்வது ஒரு காரணம். அதனை வளர்ப்போரையும் உண்போரையும் சாதியால் தாழ்த்தியது மற்றொரு காரணம், இதுவே கொடிது. யூதரும் முஸ்லிம்களும் அவ்வூனை விலக்குவது இறைவன் கட்டளைக்கு அமைந்த பத்தியாதலின் மதிக்கத்தக்கதே. உணவை விலக்குதல் வேறு. உண்பவனை வெறுத்தல் வேறு.

இராயபுரம் என்னும் பெயர் இராயப்பர், அஃதாவது பேதுரு, பெயரால் வந்ததென்பர். அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தில், யோப்பா என்னும் கடற்கரைப் பட்டினத்தில் பசித்திருந்த அவர், பலவகை விலங்குகள் நிறைந்த துப்பட்டி வானினின்று இறங்கக் கண்டார். அடித்துப் புசிக்குமாறு பணிக்கும் குரலும் கேட்டார். தீட்டானவற்றை ஒருபோதும் உண்டதில்லை என மறுத்தார். பின்னர்ப் புறஇனத்தானாகிய கொர்நேலியுவின் வீட்டில் நின்றபோது அத்தரிசனத்தின் பொருளை வெளியிட்டார். ஊனைப் பற்றி அவர் ஒன்றும் உரைத்திலர். எம்மனிதனையும் தீட்டுள்ளவனென்று சொல்லலாகாது என்பதே அவர் கண்ட பொருள்.

ஆதலின் நண்பர்காள், அவ்வூனை உண்பதும் விடுவதும் அவரவர் மனச்சான்றிற்கு உரியன. ஒருவன் இலையில் இருப்பதைக் கொண்டு அவன் பிறப்பை அளத்தலும், அவ்விலங்கின் பெயரால் அவனை வைதலும் கற்றோர்க்குத் தகா.