தராசுக்கு முத்திரை உண்டு, யந்திர அறிவுக்கு?



திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதுவென்று கேட்டால் மதரஸாப் பிள்ளையும் சொல்லிவிடும். ஸூரத்துல் பகராவின் 282வது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியே அவ்வளவு நீளமாக அல்லாஹ் பேசுகின்றான். எழுதுகிறவன் நீதமாய் எழுதவேண்டும், கடன்பட்டவன் வாசகம் சொல்லவேண்டும், சாட்சிகள் இருக்கவேண்டும், எழுதியவனுக்கும் சாட்சிக்கும் இடுக்கண் செய்யலாகாது என்றெல்லாம் விவரம் வருகிறது. வியாபாரிகளாகிய நாம் அதை மறுபடியும் பொருளுணர்ந்து ஓதவேண்டிய காலம் இது. ஏனெனில் கணக்கு எழுதுகிறவனும், சாட்சி சொல்லுகிறவனும், சில இடங்களில் தீர்ப்புக்கு யோசனை சொல்லுகிறவனுங்கூட இப்போது யந்திரமாகிவிட்டான்.

செயற்கை அறிவு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய பதிவேடுகளை ஏராளமாக அதற்கு ஊட்டுகிறார்கள். எது எதோடு சேர்ந்து வருகிறது என்று அது கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. புதிதாய் ஒன்றைக் காட்டினால், முன்னே கண்டதைப் போல இதுவும் இருக்கும் என்று ஊகித்துச் சொல்கிறது. ஊகம் பல வேளைகளில் சரியாக இருந்துவிடுவதால் ஜனங்கள் அதை ஞானமென்று எண்ணிவிடுகிறார்கள். இதை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று உலகமெங்கும் சபை கூட்டிப் பேசுகிறார்கள். அது படித்தவர்கள் பாடு என்று நாம் ஒதுங்கியிருக்கலாமா? கடைக்காரர்களுக்கே நேர்ந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

இங்கிலாந்தில் கிராமத்துத் தபால் நிலையம் பெரும்பாலும் ஒரு கடைக்குள்ளேதான் இருக்கும். மளிகையும் மிட்டாயும் விற்கிற கடைக்காரரே தபால் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு மூலையில் அதையும் நடத்துவார். 1999இல் தொடங்கி, ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையை அக்கடைகளில் வைத்தார்கள். கணக்கு முடிக்கும்போது பெட்டியில் இருக்கவேண்டிய பணம் இவ்வளவு என்று அது காட்டும். எண்ணிப் பார்த்தால் குறையும். குறைந்ததைக் கடைக்காரர் தம் கையிலிருந்து கட்டவேண்டும் என்றார்கள். வீட்டை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு வழக்கும் பொய்க்கணக்கு வழக்கும் வந்தன. 2015 வரை 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். நம் நாடுகளிலிருந்து போய்க் குடியேறிய கடைக்காரர்களும் அவர்களிலே பலர். கருவுற்றிருந்த ஒரு பெண்மணி 2010இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவமானந் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர்.

பிழை கம்ப்யூட்டரில் இருந்தது. 555 பேர் ஒன்றுகூடி வழக்காடியபின், 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024 மே மாதத்தில் பார்லிமெண்டே தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தது.

ஹொரைசன் செயற்கை அறிவு அன்று. சாதாரணக் கணக்கு முறைதான். ஆயினும் இரண்டு விஷயங்கள் நம் கவனத்துக்குரியவை. கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்தது என்று கோர்ட்டு எடுத்துக்கொள்வது அந்நாட்டு வழக்கமாயிருந்தது. தவறு என்று சொல்லுகிற கடைக்காரர்தான் நிரூபிக்கவேண்டும். மனிதன் சாட்சி சொன்னால் குறுக்கு விசாரணை உண்டு, யந்திரத்தை யார் கூண்டில் ஏற்றுவது? இன்னொன்று, உதவி கேட்டுத் தொலைபேசியில் பேசிய பலரிடம், உங்கள் கடையில் மட்டுந்தான் இப்படி என்று சொல்லப்பட்டது. ஒருவரையொருவர் கண்டு பேசிய பிறகுதான் தாம் தனி ஆளல்ல என்று அவர்களுக்குத் தெரிந்தது. வெட்கத்தால் வாய் மூடியிருந்த காலமெல்லாம் யந்திரத்தின் சொல்லே சாட்சியாக நின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் சபாவின் கோத்தா கினபாலு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கில் என்ன தண்டனை தகும் என்று செயற்கை அறிவிடம் யோசனை கேட்கப்பட்டது. சரவாக் மாநில அரசின் கம்ப்யூட்டர் நிறுவனம் அதைச் செய்திருந்தது. சபா, சரவாக்கில் 2014 முதல் 2019 வரை நடந்த வழக்குகளை அதற்கு ஊட்டியிருந்தார்கள். முடிவு மாஜிஸ்திரேட்டின் கையில்தான். யந்திரம் யோசனை மட்டுமே சொல்லும். இதை ஆதரிப்போர் சொல்லும் நியாயமும் லேசானதல்ல. ஒரே குற்றத்துக்கு ஓர் ஊரில் ஒரு தண்டனை, அடுத்த ஊரில் வேறொன்று என்றிருந்தால் ஏழை என்ன நினைப்பான்?

எதிர்தரப்பு வழக்கறிஞர் ஹமீது இஸ்மாயில் ஆட்சேபித்தார். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பொதுமக்களும் புரிந்துகொள்ளுமுன்பே கொண்டுவந்துவிட்டார்கள், இது அரசியல் சாசனத்துக்கும் பொருந்தாது என்பது அவர் வாதம். கஸானா ஆராய்ச்சிக் கழகமும் அதே ஆண்டு இதைப் பற்றி அறிக்கை எழுதிற்று. இனம் என்ற விவரத்தை யந்திரத்திலிருந்து நீக்கினார்கள். நல்லதுதான். ஆனால் ஒருவன் இருக்கும் இடத்தையும் செய்யும் தொழிலையும் பார்த்தே அவன் யாரென்று நம் கடைப் பையனே சொல்லிவிடுவான். யந்திரத்துக்கா தெரியாது? 2021இல் கோலாலம்பூரிலும் ஷா ஆலமிலும் இதே போன்ற சோதனை தொடங்கியது. மலாக்கா நீதிமன்ற வளாகம் நம் ஆயர் குரோவிலேதான் இருக்கிறது. நம் அலுவலாக நாம் அவ்வழியே போய்வருகிறோம். இதைப் பற்றி நம்மிலே எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

நம் கடைத் தராசைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி அதைச் சோதித்து முத்திரை வைக்கவேண்டும். முத்திரையில்லாத தராசில் நிறுத்தால் அபராதம். அளவில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று ஒரு ஸூராவே இறங்கியிருக்கிறது. அரிசி நிறுக்கும் தராசுக்கு இவ்வளவு காவலிருக்க, மனிதனை நிறுக்கும் தராசுக்கு என்ன காவல்? 2024 செப்டம்பரில் நம் அரசாங்கம் செயற்கை அறிவின் ஒழுக்கம் குறித்து வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. நேர்மை, வெளிப்படை, பொறுப்பேற்றல் முதலிய ஏழு கோட்பாடுகள் அதில் உண்டு. வாசகம் நன்றாகவே இருக்கிறது. கைக்கொள்ளாதவனுக்குத் தண்டனை கிடையாது. முத்திரை வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம் என்றால் தராசுக்காரன் என்ன செய்வான் என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

மார்க்க விஷயத்திலும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் வட்டி, ஜகாத் முதலானவற்றைக் கைப்பேசியில் யந்திரத்திடம் கேட்கிறார்கள். அது தயங்காமல் பதில் சொல்கிறது. சில சமயம் எந்தக் கிதாபிலும் இல்லாத ஹதீஸைக் கிதாபின் பெயரோடும் எண்ணோடும் எடுத்து நீட்டுகிறது. நம் முன்னோர் ஹதீஸைக் கேட்டால், யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார் என்று இஸ்னாதைத் தேடினார்கள். யந்திரத்துக்கு இஸ்னாத் ஏது? ஆலிமிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அமல் செய்வதே தகும். (இதுபோலவே, சரக்கு முதலாளியின் குரலில் யந்திரம் பேசிப் பணம் கேட்கிற மோசடியும் வந்திருக்கிறது. நீங்களே அவருடைய பழைய எண்ணுக்கு அழைத்து விசாரியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 997க்குச் சொல்லுங்கள்.)

வங்கியில் கடன் மனு தள்ளுபடியானால், கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்று கவுண்டரில் சொல்லுவதுண்டு. நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். கம்ப்யூட்டர் மஹ்ஷரில் நின்று ஹிஸாப் கொடுக்கப் போவதில்லை. அதை வைத்துத் தீர்மானித்தவர் யார், எந்த விவரத்தைக் கொண்டு தீர்மானித்தார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வர்த்தக நிறுவனம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களைக் காட்டும்படி கேட்கவும், பிழையிருந்தால் திருத்தும்படி கேட்கவும் நமக்கு உரிமையுண்டு. வாயால் கேட்காமல் கடிதமாக எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். மலாய் மொழியில் எழுதச் சிரமப்படுவோர் ஜும்ஆவுக்குப் பின் சங்கச் செயலாளரைக் காணலாம். இப்படித் தள்ளுபடியான மற்றவர்களும் அப்போது தங்கள் காகிதங்களைக் கொண்டுவந்தால், ஒருவருடையதோடு ஒருவருடையதை வைத்துப் பார்க்கலாம்.