செம்பனையிலிருந்து ஓர் இளமை மருந்தா?

சென்ற பருவ விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோது, சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு புதிய பாட்டில் இருந்தது. செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கப்பட்ட டோகோட்ரையனால் கேப்சூல். நேரடி விற்பனையில் ஈடுபட்டிருக்கும் அத்தை கொடுத்தாராம். “இயற்கைதானே அண்ணே, வயசே தெரியாது” என்றாராம். அப்பா பல ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவர். “நான் வெட்டுன பழம், எனக்கு என்ன செய்யப் போகுது?” என்று சிரித்தார். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி வாங்கிவந்த இரத்தக் கொதிப்பு மாத்திரையை அவர் நிறுத்திவிட்டார் என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

உயிர்மருத்துவ மாணவன் என்ற முறையில் அன்றிரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நம் உடல் உணவை எரித்து ஆற்றலாக்கும்போது, ‘ஃபிரீ ரேடிக்கல்’ எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்கும். இச்சேதம் சேர்ந்து சேர்ந்துதான் முதுமை வருகிறது என்று 1956இல் அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் கூறினார். அப்படியானால் அவற்றைத் தணிக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளை விழுங்கினால் முதுமை தள்ளிப்போக வேண்டுமல்லவா? அத்தையின் விற்பனைப் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

கேள்வி நியாயமானது, விடைதான் வேறு மாதிரி வந்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் (செம்பனை எண்ணெய்க்குச் சிவப்பைத் தரும் நிறமிகளுள் ஒன்று) மாத்திரையாக உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது! அதே ஆய்வில் உயிர்ச்சத்து ஈ உண்டவர்களிடையே மூளை இரத்தக் கசிவினால் ஏற்பட்ட மரணங்கள் அதிகமாயிருந்தன. இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திய ஒருவரின் மகனாக அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பின்னர் வட அமெரிக்காவில் 35,533 ஆண்களிடம் நடந்த ‘செலக்ட்’ ஆய்வில், உயிர்ச்சத்து ஈ உண்டவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகமென 2011இல் தெரியவந்தது.

ஏன் இப்படி? ஃபிரீ ரேடிக்கல் வெறும் எதிரியன்று. கிருமியைக் கொல்ல நம் வெள்ளணுக்களே அவற்றை உண்டாக்குகின்றன. ஜெர்மனியில் நடந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உயிர்ச்சத்து சி, ஈ மாத்திரைகளை உண்டுகொண்டே உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு, இன்சுலின் திறன் மேம்படும் பயன் கிட்டவில்லை. பயிற்சியின்போது எழும் அந்தச் சிறு சேதமே உடலுக்கு அறிவிப்பு மணியாம். மாத்திரை மணியை அடக்கிவிட்டது.

செம்பனையின் கதை சற்று மாறுபட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். உயிர்ச்சத்து ஈ என்பது எட்டுப் பொருள்களின் குடும்பம்: நான்கு டோகோபெரால், நான்கு டோகோட்ரையனால். மேற்கண்ட பெரிய ஆய்வுகள் ஆல்ஃபா டோகோபெராலைக் கொண்டு நடந்தவை. செம்பனையில் மிகுதியாக இருப்பது டோகோட்ரையனால். இதை நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டனர். 121 பேர், நாள்தோறும் இருவேளை 200 மில்லிகிராம், ஈராண்டு. வெற்று மாத்திரை உண்டவர்களின் மூளை வெண்பொருளில் சிதைவின் அளவு கூடியது; டோகோட்ரையனால் உண்டவர்களுக்குக் கூடவில்லை. நல்ல செய்திதான், நமக்குப் பெருமையும்கூட. ஆனால் 121 பேர் எங்கே, 29,133 பேர் எங்கே! எம்.ஆர்.ஐ. படத்தில் அளந்தது சிதைவை, ஆயுளை அன்று. மேலும், நம் கல்லீரல் ஆல்ஃபா டோகோபெராலையே தேர்ந்தெடுத்து இரத்தத்தில் அனுப்புகிறது. டோகோட்ரையனால் இரத்தத்தில் குறைவாகவே தங்கும்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பாதியிலேயே, “சரிப்பா, இப்ப பிரஷர் எவ்வளவு, பாரு” என்றார். 172க்கு 98. மறுநாள் காலையில் இருவரும் கிளினிக்கிற்குப் போனோம். பாட்டிலையும் கையோடு எடுத்துச் சென்றோம். மருத்துவர் திட்டவில்லை, இரத்தத்தை இளக்கும் மருந்து ஏதும் உண்கிறாரா என்று மட்டும் கேட்டு, கொதிப்பு மாத்திரையை மீண்டும் தொடங்கச் சொன்னார்.

பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. அத்தையிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.