டிரான்சிஸ்டர் மேல் பழி போடாதீர்கள்

கிட்டாருக்குச் சொந்தமாக ஃபஸ் பெடல் கட்டுகிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கட்டி முடித்துக் காலால் மிதித்ததும் சத்தம் வராவிட்டால், அத்தனை பேரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: "டிரான்சிஸ்டர் போச்சு சார். ஒரிஜினல் ஜெர்மானியம் போட்டாத்தான் சரியாகும்." ரிச்சி தெருக் கடைகளிலும் இதே பேச்சு, கல்லூரி விழா மேடைக்குப் பின்னாலும் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இன்று ஒரு முடிவு கட்டிவிடலாம்.

நம்பிக்கை: பெடல் பாடவில்லையென்றால் டிரான்சிஸ்டர் செத்துவிட்டது.

உண்மை: எப்படி ஐயா சாகும்? நீங்கள் கட்டியிருப்பது பெரும்பாலும் ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட். 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வட்டப் பெட்டியில் போட்டு விற்றது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், இரண்டு கண்ட்ரோல். மொத்தமே 11 உருப்படிதான். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குக் கரண்ட் 33 கிலோ ஓம் வழியாக வருகிறது, இரண்டாவதற்கு 8.2 கிலோ ஓம் வழியாக. 9 வோல்ட்டை 8.2 கிலோ ஓமால் வகுத்துப் பாருங்கள். சுமார் 1.1 மில்லி ஆம்பியர். தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் பாயாது. நீங்கள் குற்றம் சாட்டுகிற பி.சி.547 தாங்கக்கூடியது 100 மில்லி ஆம்பியர், 45 வோல்ட். நூறில் ஒரு பங்கு சுமையை வைத்துவிட்டு, முதுகு முறிந்துவிட்டது என்கிறீர்கள்.

பின்னே ஏன் சத்தம் வரவில்லை? முதலில் கால்களைப் பாருங்கள். பி.சி.547-இன் தட்டை முகத்தை உங்கள் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு இதுவே நேர்மாறு: எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்கு வரைந்த படத்தை வைத்துக்கொண்டு மற்றதைச் சொருகினால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிடும். அப்போதும் டிரான்சிஸ்டர் சாகாது, அதன் பெருக்கம் மட்டும் படுத்துவிடும். அந்த ஈனமான முனகலைக் கேட்டுத்தான் "வீக் பீஸ்" என்று நல்ல சரக்கைக் குப்பையில் போடுகிறீர்கள்.

கால்கள் சரியென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில். சிலிக்கான் என்.பி.என். வைத்துக் கட்டியிருந்தால் அங்கே 4.5 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். முழு 9 வோல்ட் காட்டினால் அந்த டிரான்சிஸ்டர் கரண்டே எடுக்கவில்லை என்று பொருள். 33 கிலோ ஓமின் சால்டரையும், எமிட்டரிலிருந்து ஃபஸ் கண்ட்ரோல் வழியாகக் கிரவுண்டுக்குப் போகும் ஒயரையும் பாருங்கள். 1 வோல்ட் அளவுக்கு விழுந்து கிடந்தால், முதல் டிரான்சிஸ்டர் தூங்குகிறது. அதன் எமிட்டர் கிரவுண்டைத் தொடுகிறதா, 100 கிலோ ஓம் பேஸுக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். 3 வோல்ட் காட்டி, நோட்டுகள் தும்மித் தும்மி அறுபட்டால் பயாஸ் நகர்ந்திருக்கிறது. 8.2 கிலோ ஓமின் இடத்தில் 10 கிலோ ஓம் ட்ரிம்பாட் போட்டு, 4.5-க்குத் திருப்பி நிறுத்துங்கள். அவ்வளவுதான் வைத்தியம். வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் ஊமையாக இருந்தால் ஜாக்கையும் ஸ்விட்சையும் சந்தேகியுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை ஆம்ப்ளிஃபயர் ஒயரின் நுனியில் சால்டர் செய்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, உள்ளே வருகிற இடத்திலிருந்து வெளியே போகிற இடம் வரை தொட்டுக்கொண்டே வாருங்கள். ஒலி எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

இனி ஜெர்மானிய பக்தி. ஃபஸ் ஒலி பிறந்ததே டிரான்சிஸ்டரால் அல்ல. 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது, மிக்சிங் கன்சோலில் ஒரு டிரான்ஸ்பார்மர் பழுதாகி, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் கரகரத்தது. ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டில் கொண்டுவர முயன்றதன் விளைவுதான் 1962-இன் மேஸ்ட்ரோ எஃப்.இஸட்.1. ஃபஸ் ஃபேஸ் ஜெர்மானியத்தில் தொடங்கியது உண்மை. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அந்த நிறுவனமே பி.சி.183, பி.சி.108 போன்ற சிலிக்கானுக்கு மாறிவிட்டது. பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் எழுபதுகளின் தொடக்கத்தில் மிதித்தது பி.சி.108 வைத்த பெடலை. நியூயார்க்கிலிருந்து வந்த பிக் மஃப்பின் நான்கு டிரான்சிஸ்டரும் சிலிக்கான். இவர்களுக்கெல்லாம் போதுமானது உங்களுக்குப் போதாதா?

ஜெர்மானியத்தின் ஒலி கொஞ்சம் மென்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூடு ஏறினால் அது கசியும். ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி செல்சியசுக்கும் கசிவு இரட்டிப்பாகும். ஏ.சி. அறையில் சரிபார்த்த பெடல், மே மாதத்துச் சென்னையில் திறந்தவெளி மேடைக்கு வந்ததும் மூச்சுத் திணறும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஏ.சி.128-ஐ மல்டிமீட்டரில் சொருகி "கெயின் 200 காட்டுது" என்று குதிக்காதீர்கள். கசிவையும் சேர்த்துத்தான் அது கெயின் என்று காட்டுகிறது. வேலை செய்யாத சர்க்யூட்டில் அதைக் கொண்டுபோய்ப் போட்டால், ஒரு கோளாறு இரண்டாகும்.

மற்றவற்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

நம்பிக்கை: குறிப்பிட்ட கம்பெனி பேட்டரி போட்டால் ஒலி இனிக்கும்.

உண்மை: பெடல் குடிப்பதே 1 மில்லி ஆம்பியர் அளவுதான். எந்தக் கம்பெனியானாலும் வோல்ட் ஒன்றென்றால் ஒலியும் ஒன்று. தேய்ந்த பேட்டரியில் ஒலி மாறுவது வோல்ட் இறங்குவதால்.

நம்பிக்கை: உர்ரென்று இரைந்தால் சர்க்யூட் தப்பு.

உண்மை: மலிவு அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் போட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அடாப்டர். நிற்காவிட்டால் உலோகப் பெட்டி கிரவுண்டைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை: எல்லா பெடலுக்கும் ஒரே அடாப்டர் போதும்.

உண்மை: பி.என்.பி. ஜெர்மானியப் பெடல்களில் பாசிட்டிவ்தான் பெரும்பாலும் கிரவுண்ட். அதை மற்ற பெடல்களோடு ஒரே ஒயரில் கோத்தால் நேரடி ஷார்ட். அதற்குத் தனி பேட்டரி வையுங்கள்.

நம்பிக்கை: ஃபஸ்ஸை வரிசையில் எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

உண்மை: இல்லை. ஃபஸ் ஃபேஸ் கிட்டாரை ஒட்டி முதலில் நிற்க வேண்டும். நடுவில் பஃபர் வந்தால் ஒலி சில்லென்று கீச்சிடும், கிட்டார் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளியவைக்கும் வித்தையும் போய்விடும்.

கடைசியாக ஒரு ஆற்றாமை. இப்படிப் புலம்புகிற பிள்ளைகளில் பலர் 12-ஆம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் என்.பி.என். டிரான்சிஸ்டரின் சிறப்பியல்பு வளைகோட்டை அழகாக வரைந்து மார்க் வாங்கியவர்கள். கலெக்டர் என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதத் தெரியும், அதில் மீட்டர் முனையை வைக்கத் தெரியாது. ஓடுகிற சர்க்யூட்டைக் கொடுத்து, ஏற்கெனவே தெரிந்த ரீடிங்கை எழுதச் சொன்னால் வேறென்ன வரும்? செய்முறைத் தேர்வில் ஒரு ஒயர் அறுந்த போர்டைக் கொடுங்கள். ஒரு மல்டிமீட்டரைக் கொடுங்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவருக்கு முழு மார்க், "டிரான்சிஸ்டர் போச்சு" என்று எழுதியவருக்கு முட்டை. இரண்டே வருடத்தில் இந்தப் புரளி அடங்கிவிடும்.