அவளுக்கு மட்டும் எப்படி? – அக்கா சொல்லும் டிப்ஸ்

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிற அந்தப் பத்து நிமிடம்தான் நிறையப் பேருக்குச் சோதனை. ஒருத்தி மகனுக்குக் கனடா விசா வந்துவிட்டது. ஒருத்தி புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைக்கிறாள். இன்னொருத்தி கழுத்தில் புது ஆரம். உள்ளே பாடிவிட்டு வந்த வாய் "ரொம்ப சந்தோஷம்க்கா" என்கிறது, மனசு மட்டும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. "ஒப்பிடாதே" என்று சொன்னதும் அந்தக் கணக்கு நின்றுவிடாது. அதனால் அந்த உபதேசம் வேண்டாம் தங்கச்சி, கையால் செய்யக்கூடிய சிலதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், எங்கே குத்துகிறது என்று கண்டுபிடி. கோடீஸ்வரர் வீட்டுக் கல்யாணத்தை டிவியில் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. கூடப் படித்தவள், ஓரகத்தி, சித்தி மகள், இவர்களைப் பார்த்துத்தான் கெடுகிறது. சவுலும் அப்படித்தான். தாவீது அவனுக்குச் சுரமண்டலம் வாசித்துக்கொண்டு கூடவே இருந்த பையன். பெண்கள் பாடிய பாட்டில் தனக்கு ஆயிரமும் அவனுக்குப் பதினாயிரமும் என்று கேட்ட நாளிலிருந்துதான் ராஜாவின் பார்வை மாறியது. உன் காதில் விழுகிற பாட்டு எது? அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்றால் அதை மியூட் செய்துவிடு. அவளுக்குத் தெரியப்போவதில்லை, அது பகையும் இல்லை. மனசு தேறிய பிறகு எடுத்துவிடலாம்.

அடுத்தது, பொறாமையைப் பொறாமை என்றே கர்த்தரிடம் சொல். சங்கீதம் 73-ஐ இன்று ராத்திரி வாசி. அதைப் பாடிய ஆசாப் சாதாரண ஆள் இல்லை, தாவீது காலத்தில் ஆராதனைப் பாடகர்களுக்குத் தலைவன். அவனே துன்மார்க்கர் நன்றாக வாழ்வதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதையும், கால் வழுக்கப் பார்த்ததையும் மறைக்காமல் சொல்கிறான். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும் வரைக்கும் அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. நாமோ ஜெபத்தில்கூட நல்ல பிள்ளையாகவே பேசுகிறோம். "ஆண்டவரே, அவளுக்குக் குழந்தை பிறந்தது எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று ஒரே வரியில் சொல்லிப் பார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். "உனக்குக் கீழே இருக்கிறவங்களைப் பாரு, மனசு ஆறிடும்" என்று வீட்டிலும் சொல்வார்கள், பிரசங்கத்திலும் கேட்டிருப்பாய். எனக்கு அந்த ஆலோசனை பிடிக்காது. மேலே பார்த்து ஏங்கினாலும் கீழே பார்த்து ஆறினாலும் கையில் இருப்பது அதே தராசுதான். லூக்கா 18-ல் தேவாலயத்துக்குப் போன பரிசேயன் செய்தது ஸ்தோத்திர ஜெபம், அதை மறந்துவிடுகிறோம். தூரத்தில் நின்ற ஆயக்காரனைப் போல் தான் இல்லை என்று நன்றி சொன்னான். நீதிமானாக வீட்டுக்குப் போனது ஆயக்காரன். ஆகையால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்: நீ சொல்லும் ஸ்தோத்திரத்தில் இன்னொரு ஆள் வரக்கூடாது. "நாலு பேருக்கு இல்லாத வேலை எனக்கு இருக்கு, ஸ்தோத்திரம்" என்று வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி சொல். "இந்த மாதம் கரன்ட் பில் கட்ட முடிந்தது, ஸ்தோத்திரம். அப்பா முட்டுவலி இல்லாமல் மாடி ஏறினார், ஸ்தோத்திரம்." முதலில் வரவே வராது. யாரையாவது பக்கத்தில் நிறுத்தித்தான் நமக்கு நன்றி சொல்லவே தெரியும்.

சாட்சி நேரமும் இப்படித்தான் சிலருக்கு முள்ளாகிவிடுகிறது. அவர்கள் உபவாசம் இருந்தார்கள், கிடைத்தது. நானும் இருந்தேன், எனக்கு ஏன் இல்லை? கடைசியில், நம் விசுவாசம்தான் குறைவோ என்று அதையும் அளக்கத் தொடங்குவோம். அப்போது யோவான் 21-ஐ எடு. தான் எப்படிச் சாகப்போகிறான் என்று கேட்ட கையோடு பேதுரு திரும்பி யோவானைப் பார்த்து, இவன் காரியம் என்ன என்று கேட்கிறான். இயேசு காரணம் எதுவும் விளக்கவில்லை. அவனைப் பற்றி உனக்கென்ன, நீ என் பின்னால் வா என்கிற தோரணையில்தான் பதில். கொஞ்சம் கடுமைதான். ஆனால் எனக்கு அதில் ஒரு நிம்மதி: இன்னொருத்தியின் வாழ்க்கைக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது இல்லை. தாலந்து உவமையிலும் ஐந்து வாங்கியவனுக்கும் இரண்டு வாங்கியவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு ஒரே பாராட்டுதான், மத்தேயு 25-ல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்.

யாரைப் பார்த்து மனசு குத்துகிறதோ, அவள் பெயரைச் சொல்லி ஜெபம் செய். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று மொத்தமாகச் செய்யாதே, அவள் மகனின் பரீட்சைக்காக, அவள் மாமியாரின் ஆபரேஷனுக்காகச் செய். அதோடு நிறுத்தாமல் கை உதவியும் செய். பிரதிஷ்டை வீட்டுக்கு முந்தின நாளே போய் வெங்காயம் உரி. அவள் வீட்டு லோனும், தூங்காத ராத்திரிகளும் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியவரும். ஆனால் அந்தக் கஷ்டத்தைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு திருப்தி எட்டிப் பார்த்தால், அதையும் ஆசாப் மாதிரி சொல்லிவிடு.

பண விஷயம் சுருக்கமாக: அவள் மகள் கல்யாணத்தில் போட்ட பந்தலைப் பார்த்து நீ நகையை அடகு வைக்காதே. பட்ஜெட்டை அந்தக் கல்யாணத்துக்குப் போவதற்கு முன்பே எழுதி வைத்துவிடு.

அம்மாவே ஒப்பிட்டால்? "அவளும் உன் வயசுதானே" என்று ஆரம்பித்தால் எதிர்த்துப் பேசாதே, அழவும் வேண்டாம். "அவளுக்கு நடந்தது எனக்கும் சந்தோஷம்தாம்மா. எனக்காக ஜெபம் பண்ணுங்க, மத்தவங்ககிட்ட மட்டும் என்னைப் பத்திப் பேசாதீங்க" என்று ஒரே பதிலை மாற்றாமல் சொல்.

பழைய நம்மோடு ஒப்பிடுவதும் உண்டு. வேலையை விட்டவர்கள், பிரசவத்துக்குப் பின் உடம்பு தளர்ந்தவர்கள் இதில் சிக்குவார்கள். நம் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்தார். 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தார். அந்த அறையிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். ஓடியாடிய காலத்தில் செய்ததை அங்கே செய்ய முடியாது, அங்கே செய்ய முடிந்தது வேறு.

ஒருமுறை ஜெயித்தால் தீர்ந்தது என்று மட்டும் நினைக்காதே. லேயாள் முதல் மூன்று மகன்களுக்கும் பெயர் வைத்தபோது புருஷன் தன்னை நேசிக்கவில்லை என்கிற வலிதான் பேசியது. நாலாவதாக யூதா பிறந்தபோது கர்த்தரைத் துதித்தாள். அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பினால், ஆதியாகமம் 30-ல் தூதாயீம் கனிக்காகத் தங்கச்சி ராகேலோடு மறுபடி சண்டை. நமக்கும் திரும்பத் திரும்ப வரும். வந்தால் மறுபடி முதலிலிருந்து செய்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஐயரம்மாவிடம் பேசுவதோடு டாக்டரையும் பார். அது விசுவாசக் குறைவு இல்லை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சொல்லு, நான் கூட வருகிறேன்.